குண்டு போன இடம்

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற மேஜர் ஒருவர் வருவார். மீசையும் மௌனமுமான மனிதர். பதினோராவது அத்தியாயத்தில் அவர் மனம் கலங்கியிருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. பட்டாளக்காரர் அழக்கூடாது என்பது கதாசிரியர்களுக்குள் ஓர் எழுதாத சட்டம். ஆகவே மேஜர் சுவரில் மாட்டியிருந்த கனத்த ரைபிளை எடுத்துக்கொண்டு பங்களாவின் பின்பக்கம் போகிறார். தென்னந்தோப்பின் ஓரத்தில் ஒரு கட்டையின்மேல் கொட்டாங்கச்சியை வைக்கிறார். சுடுகிறார். கொட்டாங்கச்சி தூள் தூளாகப் பறக்கிறது. அவருடைய மனப்பாரமும் இறங்குகிறது. அத்தியாயம் முடிந்தது. எனக்குப் பரம திருப்தி.

அடுத்த வாரம் திருச்சியிலிருந்து ஒரு கார்டு வந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற சுபேதார். முத்து முத்தான கையெழுத்து.

"ஐயா, தங்கள் கதை நன்றாகப் போகிறது. வீட்டில் எல்லோரும் படிக்கிறோம். ஒரே ஒரு சந்தேகம். மேஜர் சுட்ட குண்டு கொட்டாங்கச்சியை உடைத்த பிறகு எங்கே போயிற்று? எட்டாவது அத்தியாயத்தில் அதே தோப்புக்கு அப்பால் ஓர் ஆட்டுக்காரப் பையனைத் தாங்கள் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அவன் சௌக்கியமா?"

கார்டைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எட்டாவது அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தேன். வாஸ்தவம். பையன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு தொரட்டிக்கோல். பெயர்கூட வைத்திருந்தேன்.

அன்று முதல் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. துப்பாக்கிப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டாசு வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்ளும் ஜாதி நான். துப்பாக்கி சுட்டுப் பழகுகிற மைதானங்கள் இருக்கின்றனவே, ரேஞ்சு என்று சொல்வார்கள், அவற்றைப் பற்றிய பைத்தியம். பெரிய ரைபிளை வைத்திருக்கிறவன் அதை எங்கே கொண்டுபோய்ச் சுடுவான்? அவனுக்கு இடம் கொடுப்பவர் யார்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தேன். படித்ததில், துப்பாக்கியின் கதையைவிட அது சுடப்பட்ட நிலத்தின் கதை எனக்கு ருசியாக இருந்தது.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்த்துவிடலாம். கல்லூரியில் என்.சி.சி. பையன்கள் பழகுகிற பாயிண்ட் 22 ரைபிளின் குண்டு சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதைச் சற்று மேல் நோக்கிச் சுட்டால் ஒரு மைலுக்கு அப்பால் போய் விழும். நம் போலீஸ்காரர்கள் வெகு காலம் தோளில் சுமந்த 'த்ரீ நாட் த்ரீ'யின் குண்டு 3 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பாயிண்ட் 50 என்ற ராட்சச ஜாதி ஒன்று இருக்கிறது. அரை அங்குல விட்டமுள்ள குண்டு. அது சுமார் 6.7 கிலோமீட்டர் வரை போகக்கூடியது. சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனில் நின்று சுட்டால் மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துப் படியில் வந்து விழலாம்.

தூரம் மட்டுமல்ல, வேகமும் கனமும் சேர்ந்த வலிமையும் அப்படித்தான். பாயிண்ட் 22 குண்டு துப்பாக்கி வாயை விட்டுக் கிளம்பும்போது அதன் ஆற்றல் ஏறக்குறைய 150 ஜூல். த்ரீ நாட் த்ரீக்கு 3,000 ஜூலுக்கு மேல். பாயிண்ட் 50க்கோ சுமார் 17,000 ஜூல். நகரத்துக் கட்டடங்களுக்குள் இருக்கிற ரேஞ்சுகளில் குண்டை நிறுத்துவதற்கு இலக்கின் பின்னால் எஃகுத் தகடு பொருத்தியிருப்பார்கள். சிறு துப்பாக்கியின் ஈயக் குண்டு அதில் பட்டு நசுங்கி விழுந்துவிடும். பெரிய ரைபிள் சுட்டால் தகட்டில் பள்ளம் விழும். ஆகவே பெரும்பாலான உள்ளரங்கு ரேஞ்சுகளில், பெரிய ரைபிளைத் தூக்கிக்கொண்டு வருகிறவரை வாசலிலேயே கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள். பக்கத்துத் தடத்தில் சுடுகிறவர்களுக்கு அதன் அதிர்ச்சி முகத்தில் அறைகிற மாதிரி இருக்கும் என்பது வேறு விஷயம்.

இலக்குப் பலகையை நட்டு வைக்க நாலு அடி நிலம் போதும். இலக்கைத் தவறிய குண்டுக்குத்தான் மைல் கணக்கில் நிலம் வேண்டும். ரேஞ்சுகளின் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்தச் சரித்திரத்தின் முதல் அத்தியாயம் நடந்த ஊரின் பெயரைச் சொன்னால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். விம்பிள்டன்!

ஆம், டென்னிஸ் ஆடுகிற அதே விம்பிள்டன்தான். அங்கே முதல் டென்னிஸ் போட்டி நடந்தது 1877இல். அதற்கு 17 வருஷங்களுக்கு முன்பே அங்கே குண்டுச் சத்தம் கேட்டுவிட்டது.

அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்காரர்களுக்கு ஒரு பயம். பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தியாக உட்கார்ந்திருந்தான். எந்த நிமிஷம் கால்வாயைத் தாண்டி வருவானோ என்று ஊரெல்லாம் பேச்சு. 1859இல் குமாஸ்தாக்களும் வக்கீல்களும் கடைக்காரர்களும் தொண்டர் படைகளில் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களுக்குச் சுடத் தெரியவில்லை. பட்டாளத்துக்கு 1853 முதலே ஹைத் என்ற கடற்கரை ஊரில் துப்பாக்கிப் பள்ளிக்கூடம் இருந்தது. தொண்டர்களுக்கு எதுவும் இல்லை. இந்தக் குறையைத் தீர்க்க அதே 1859இல் தேசிய ரைபிள் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். லண்டனுக்குத் தென்மேற்கே, புதர் மண்டிய பொது மேய்ச்சல் நிலம் ஒன்று காற்றாலையோடு பரந்து கிடந்தது. விம்பிள்டன் காமன் என்று பெயர். சங்கத்தார் அங்கே கூடாரம் அடித்தார்கள்.

1860 ஜூலை 2ஆம் தேதி திறப்பு விழா. முதல் குண்டைச் சுட்டவர் விக்டோரியா மகாராணி. மகாராணி துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கண்ணைச் சுருக்கிக் குறி பார்த்தார் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஜோசப் விட்வர்த் என்ற பொறியியல் நிபுணர் தாம் செய்த ரைபிளை ஓர் இரும்புத் தாங்கியில் அசையாமல் பொருத்தி, 400 கஜத்துக்கு அப்பால் இருந்த இலக்குக்கு நேராகத் திருகி வைத்திருந்தார். விசையில் ஒரு பட்டுக் கயிறு கட்டியிருந்தது. மகாராணி கயிற்றை இழுத்தார். குண்டு இலக்கின் மையத்திலிருந்து ஒன்றே கால் அங்குலத்தில் போய்ப் பதிந்தது. பாடுபட்டவர் விட்வர்த், பெயர் மகாராணிக்கு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோயில் கட்டியவன் பெயரா கல்வெட்டில் இருக்கிறது?

வருஷா வருஷம் ஜூலையில் விம்பிள்டனில் ஒரு கூடார நகரமே எழும்பியது. மகாராணி பெயரில் 250 பவுன் பரிசு. முதல் வருஷம் அதைத் தட்டிக்கொண்டு போனவர் எட்வர்ட் ராஸ் என்ற இளைஞர். பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு ஒரு கேடயம், இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே ஒரு கேடயம் என்று பரிசுகள் பெருகின. சீமாட்டிகள் குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

நம் நாட்டுப் பெயர் ஒன்றும் அந்தப் பரிசுப் பட்டியலில் இருக்கிறது. கோலாப்பூர்க் கோப்பை. 1870இல் கோலாப்பூர் ராஜா ராஜாராம் இங்கிலாந்து பார்க்கப் போனார். வயது 20. அந்தக் காலத்தில் நம்மவர் கடல் கடந்து போவதே பெரிய காரியம். திரும்பும் வழியில் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் அதே வருஷம் நவம்பரில் காலமாகிவிட்டார். இரண்டு நதிகள் கூடுமிடத்தில் அவரைத் தகனம் செய்தார்கள். இன்றும் அங்கே அவருக்கு ஒரு மண்டபமும் சிலையும் உண்டு. அவர் நாட்டின் பெயரைத் தாங்கிய கோப்பைக்காக 1871 முதல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்து நாடுகள் விம்பிள்டனில் போட்டியிட்டன. ஊர் திரும்பாத ராஜகுமாரனின் பெயர், குறி தவறாதவர்களின் கோப்பையில் நிலைத்துவிட்டது.

இவ்வளவு கோலாகலத்துக்கும் நடுவே ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. லண்டன் நடந்து வந்துகொண்டிருந்தது. ரயில் வந்தது, ரயிலைப் பிடித்துக்கொண்டு வீடுகள் வந்தன. 1860இல் புதர்க்காடாக இருந்த பக்கமெல்லாம் 20 வருஷங்களில் தோட்டமும் மாடமுமாகிவிட்டது.

இன்னொரு பக்கம் துப்பாக்கியும் சும்மா இருக்கவில்லை. இங்கேதான் ஒரு வேடிக்கை. துப்பாக்கியின் வாய் வர வரச் சிறுத்தது. அபாயம் வர வரப் பெருத்தது. 1853இல் வந்த என்ஃபீல்டு ரைபிளின் வாய் அரை அங்குலத்துக்கு மேல், பாயிண்ட் 577. 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டா என்று நம் சிப்பாய்கள் கொதித்து எழுந்தார்களே, அந்தத் துப்பாக்கிதான். 1871இல் வந்த மார்ட்டினி ஹென்றிக்குப் பாயிண்ட் 45. 1888இல் வந்த லீ மெட்போர்டுக்குப் பாயிண்ட் 303. வாயின் அளவு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. ஆனால் குண்டின் வேகம் இரட்டிப்பாகி, அது போகும் தூரமும் நீண்டுவிட்டது. ஆகவே 'பெரிய துப்பாக்கி' என்பதை வாயை அளந்து மட்டும் சொல்ல முடியாது. குண்டு எவ்வளவு தூரம் போய் யாருடைய வீட்டுக் கதவைத் தட்டும் என்பதுதான் அளவுகோல்.

விம்பிள்டனில் அது தட்டிய கதவு சாமானியக் கதவு அல்ல. கேம்பிரிட்ஜ் கோமகனுக்கு அந்த மேய்ச்சல் நிலத்தை ஒட்டிச் சொத்து இருந்தது. அவர் மகாராணியின் ஒன்றுவிட்ட சகோதரர். அதைவிட முக்கியம், பிரிட்டிஷ் ராணுவத்தின் பிரதம தளபதி. நாட்டு வாலிபர்கள் எல்லோரும் சுடப் பழக வேண்டும் என்று சொல்ல வேண்டிய ஸ்தானத்தில் இருந்தவர், என் நிலத்துப் பக்கம் சுடாதீர்கள் என்று ஆட்சேபித்தார். இதை நான் கதையில் எழுதியிருந்தால் ரொம்பவும் ஜோடித்துவிட்டேன் என்பீர்கள். எனக்கு என்னவோ அவர்மேல் கோபம் வரவில்லை. தளபதிக்கும் வீடு ஒன்றுதானே?

1889இல் விம்பிள்டனில் கடைசிப் போட்டி நடந்தது. மறு வருஷம் சங்கம் மூட்டை கட்டிக்கொண்டு சர்ரே ஜில்லாவில் பிஸ்லி என்ற பொட்டல் காட்டுக்குப் போயிற்று. 1890இல் வேல்ஸ் இளவரசி முதல் குண்டைச் சுட்டு அதைத் திறந்து வைத்தார். 800 கஜம் முதல் 1,200 கஜம் வரை சுடுவதற்கு ஒரு களம். நூறு இலக்குகளுக்கு மேல் வரிசையாக நிறுத்தி 600 கஜம் வரை சுடுவதற்கு இன்னொரு களம். போட்டிக்காரர்களுக்காக புரூக்வுட் ஸ்டேஷனிலிருந்து ஒரு கிளை ரயில் போட்டார்கள். அது 1952 வரை ஓடியது. ரயில் பாதைக்கு ஒரு பக்கம் முகாம். மறு பக்கம், லண்டன் நகரத்துப் பிரேதங்களுக்கென்று 1854இல் திறந்த மாபெரும் மயானம். ஆட்சேபணை மனுப் போடாத அண்டை வீட்டுக்காரர்களாகப் பார்த்துத்தான் சங்கத்தார் போனார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பிஸ்லி இன்றைக்கும் நடக்கிறது. 1908 ஒலிம்பிக்கின் ரைபிள் போட்டிகள் அங்கேதான் நடந்தன. 2002 காமன்வெல்த் போட்டியில் நம் அஞ்சலி பாகவத் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்றதும் அங்கேதான்.

இனி அட்லாண்டிக் கடலைத் தாண்டுவோம். அமெரிக்காவிலும் இதே கதைதான். முடிவு மட்டும் இன்னும் விசித்திரம். உள்நாட்டுப் போரில் வடக்குச் சிப்பாய்கள் சுட்ட லட்சணத்தைப் பார்த்து மனம் நொந்த இரண்டு அதிகாரிகள், வில்லியம் சர்ச்சும் ஜார்ஜ் விங்கேட்டும், 1871இல் நியூயார்க்கில் அந்த நாட்டு ரைபிள் சங்கத்தைத் தொடங்கினார்கள். மறு வருஷம் லாங் ஐலண்டில் க்ரீட் என்ற குடும்பத்தாரின் பண்ணையை வாங்கினார்கள். சுமார் 70 ஏக்கர். இங்கிலாந்துப் பொட்டல் வெளியை நினைவூட்டுகிறதென்று அதற்கு க்ரீட்மூர் என்று பெயர் வைத்தார்கள். 1873இல் சுட ஆரம்பித்தார்கள்.

அதே வருஷம் அயர்லாந்துக் குழு விம்பிள்டனில் இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் தோற்கடித்துக் கேடயத்தைக் கொண்டுபோயிருந்தது. அந்த உற்சாகத்தில் அமெரிக்கர்களுக்குச் சவால் விட்டார்கள். 1874 செப்டம்பர் 26ஆம் தேதி க்ரீட்மூரில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடினார்கள். பக்கத்துக்கு ஆறு பேர். 800, 900, 1,000 கஜம். ஒவ்வொரு தூரத்திலும் ஆளுக்கு 15 குண்டு. அயர்லாந்துக்காரர்கள் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ரிக்பி ரைபிள்களை நம்பினார்கள். அமெரிக்கர்கள் பின்பக்கம் திறந்து தோட்டா போடுகிற ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரைபிள்களைக் கொண்டுவந்தார்கள்.

நடுவே அயர்லாந்தின் மில்னர் ஒரு குண்டைச் சுட்டார். அபாரமான குறி, நேராக மையத்தில் பாய்ந்தது. ஆனால் அது பக்கத்து இலக்கின் மையம்! அதற்கு மதிப்பெண் பூஜ்யம்.

கடைசியில் அயர்லாந்து 931. அமெரிக்கா 930. மிச்சம் இருந்தது ஒரே குண்டு. சுட வேண்டியவர் ஜான் போடைன் என்ற கர்னல். தாகத்துக்கு யாரோ கொடுத்த இஞ்சி பானத்துப் புட்டி அந்த நேரம் பார்த்து வெடித்து அவர் கையைக் கிழித்துவிட்டது. இரத்தம் கொட்டிய கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு அவர் படுத்தார். 1,000 கஜம். சுட்டார். குண்டு மையத்தில் பட்டது, நாலு மதிப்பெண். அமெரிக்கா 934. மில்னரின் குண்டு தன் சொந்த இலக்குக்குப் போயிருந்தால் அயர்லாந்துக்கு 935. ஒரு குண்டு போன இடத்தினால் ஒரு சரித்திரம் மாறியது.

மறுநாள் பத்திரிகைகளில் க்ரீட்மூர் பெயர் நாடெங்கும் பரவியது. அப்புறம்? விம்பிள்டனில் நடந்ததுதான். நியூயார்க் நகரம் லாங் ஐலண்டின் மேல் பரவிக்கொண்டு வந்தது. சிதறி வரும் குண்டுகளைப் பற்றி அக்கம்பக்கத்தார் முறையிட்டார்கள். அரசாங்கத்தாருக்கும் உற்சாகம் குறைந்தது. 1890இல் சங்கம் நிலத்தை மாகாண அரசிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. 1892இல் போட்டிகள் நியூஜெர்ஸி கடற்கரையில் சீ கர்ட் என்ற ஊருக்குப் போயின. வெறுமனே கிடந்த க்ரீட்மூரில் 1912இல் ஒரு மனநோய் ஆஸ்பத்திரி வந்தது. புத்தி பேதலித்தவர்கள் அந்த மண்ணில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தார்கள். அமெரிக்க நாட்டுப் பாடகர் உட்டி கத்ரி நரம்பு நோயால் உடல் சிதைந்து 1967இல் கண் மூடியதும் அங்கேதான். ஜனங்கள் ஆரவாரம் செய்த மைதானம். பிறகு கம்பி போட்ட ஜன்னல்கள்.

பெயர் மட்டும் அழியவில்லை. அந்தப் பேட்டையில் இன்றும் துப்பாக்கிக் கம்பெனியின் பெயர் கொண்ட வின்செஸ்டர் சாலை இருக்கிறது. 2007இல் ஒரு கம்பெனி நெடுந்தூரம் போகிற புதிய தோட்டா ஒன்றைச் செய்து அதற்கு க்ரீட்மூர் என்று பெயர் வைத்தது. நம் நாட்டிலும் வடக்கே பல ஊர்களில் 'சாந்த்மாரி' என்று பேட்டைகள் உண்டு. கௌஹாத்தியில் உண்டு, காங்டாக்கில் உண்டு. பட்டாளத்தார் குறி வைத்துச் சுட்டுப் பழகிய இடம் என்று அதற்குப் பொருள். இன்று கௌஹாத்திச் சாந்த்மாரியில் கடைகளும் வீடுகளும்தான். மைதானம் போய்விடும், பெயர் தங்கிவிடும்.

துரத்தப்பட்ட அமெரிக்கர்கள் கடைசியில் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். வீடு கட்ட முடியாத இடத்தைப் பார்த்துச் சுட வேண்டும். ஒஹையோ மாகாணத்தில் ஈரி ஏரிக் கரையில் கேம்ப் பெர்ரி என்ற முகாமை அமைத்து, 1907இல் தேசியப் போட்டிகளை அங்கே நடத்தினார்கள். அந்த ஏரி 25,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த சமுத்திரம். இலக்குகள் தண்ணீரை ஒட்டி நிற்கின்றன. மண்மேட்டைத் தாண்டிய குண்டு ஏரியில் விழும். ஏரியில் யார் குடியிருக்கிறார்கள்? மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்களே! ஆகவே சுடும் நேரத்தில் அந்த நீர்ப்பரப்பு படகுகளுக்கு அபாயப் பகுதி. ஏரியைத் தேடிப் போன பிறகும் பக்கத்து மனிதனின் கணக்கிலிருந்து தப்ப முடியவில்லை.

ராட்சச ஜாதி பாயிண்ட் 50 வைத்திருப்பவர்களின் கதி இன்னும் கஷ்டம். 1985இல் அவர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 1,000 கஜ தூரம் சுடுவது அவர்கள் வழக்கம். அவர்களை 'வாருங்கள்' என்று வரவேற்கிற ரேஞ்சு கிடைப்பது குதிரைக் கொம்பு. அவர்களுடைய உலகப் போட்டிகள் நடந்த இடம் நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் ராட்டன் என்ற ஊருக்கு அருகே, விட்டிங்டன் மையம். பழைய ரைபிள் சங்கமே 1973இல் ஏற்படுத்தியது. மலையும் புல்வெளியுமாக ஏறக்குறைய 33,000 ஏக்கர்.

கணக்குப் பாருங்கள். 1872இல் 70 ஏக்கர் போதும் என்று நினைத்தவர்கள், நூறு வருஷம் கழித்து 33,000 ஏக்கர் தேடிப் போனார்கள். நானூறு மடங்குக்கு மேல். மனிதனின் கண் நானூறு மடங்கு கூர்மையாகிவிடவில்லை. போடைனின் கண்ணும் இன்றைக்குச் சுடுகிறவனின் கண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். தவறிய குண்டுக்காக ஒதுக்க வேண்டிய இடம்தான் வளர்ந்துகொண்டே போயிருக்கிறது.

நல்ல ரேஞ்சை நடத்துகிறவர் புதிதாக வருகிறவரிடம் என்ன கேட்பார் என்று படித்துப் பார்த்தேன். எத்தனை பரிசு வாங்கினாய் என்று கேட்பதில்லை. குண்டின் கனம் என்ன, வேகம் என்ன, உள்ளே இரும்பு இருக்கிறதா என்று கேட்கிறார். இரும்பு இருந்தால் கல்லில் பட்டு நெருப்புப் பொறி கிளம்பும். காய்ந்த புல் பற்றிக்கொள்ளும். பிஸ்லி போன்ற இடங்களில் 4,500 ஜூலுக்கு மேற்பட்ட ரைபிளுக்குத் தனி விதிகள் உண்டு. கெட்டிக்காரனுக்கு இதெல்லாம் அவமானமாகத் தோன்றலாம். ஆனால் மில்னரும் கெட்டிக்காரர்தான். குறி தவறாதவர்தான். அவருடைய குண்டு போன இடத்தில் நல்லவேளையாக ஓர் இலக்கு இருந்தது.

இதையெல்லாம் படித்து முடித்தபோது என் மேஜரை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பது வருஷம் பட்டாளத்தில் இருந்தவர், தோப்புக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சுடுவாரா? மனம் கலங்கியிருந்தாலும் சுடமாட்டார். கலங்கியிருந்தால் நிச்சயமாகத் துப்பாக்கியைத் தொடவேமாட்டார். நான் அவருடைய துக்கத்தைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு அவருடைய முப்பது வருஷத்தையும் அழித்துவிட்டேன். கொட்டாங்கச்சி உடைந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் பேனா சுட்ட பக்கத்தில் நானே நிறுத்தி வைத்த பையனை நான் மறந்துவிட்டேன்.

கதை புத்தகமாக வந்தபோது அந்த அத்தியாயத்தைத் திருத்தினேன். மேஜர் துப்பாக்கியை எடுக்கிறார். தோப்பு வரை போகிறார். தூரத்தில் ஆட்டு மணிச் சத்தம் கேட்கிறது. சுடாமல் திரும்பி வந்துவிடுகிறார். பிறகு வேறொரு நாள், மனம் தெளிந்த பின், கொல்லைக் கோடியில் ஓர் உயரமான மண்மேடு எழுப்பி, அதற்கு முன்னால் கொட்டாங்கச்சியை வைத்துச் சுடுகிறார். புத்தகத்தில் ஒரு பிரதியைத் திருச்சிக்கு அனுப்பி, "பையன் சௌக்கியம்" என்று எழுதிப் போட்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. அதே முத்து முத்தான கையெழுத்து.

"ஐயா, புத்தகம் கிடைத்தது. மிகவும் சந்தோஷம். மண்மேடு எழுப்பியது சரி. ஆனால் அந்த மண்ணில் கல் இருந்ததா, சலித்துப் போட்டாரா என்று தாங்கள் எழுதவில்லை. கல்லில் பட்டால் குண்டு தெறித்துத் திரும்பி வரும். மேஜரும் பிழைத்திருக்க வேண்டும் அல்லவா?"

இரண்டாம் பதிப்பில் மேஜர் உட்கார்ந்து கல் பொறுக்குகிறார்.